மலையகத்துக்குப் பசுமைப் பணம் வந்தால் எதில் போடுவது? கூரை, ஆறு, அடுப்பு, பஸ், மலைச்சரிவு: ஓர் ஒப்பீடு

2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுப்போம், 2050 இல் காபன் நடுநிலையை எட்டுவோம், புதிய நிலக்கரி மின்நிலையம் கட்டமாட்டோம் என்று இலங்கை உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கின் பெயரால் கடனாகவும் நன்கொடையாகவும் வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீடாகவும் பணம் வந்துகொண்டிருக்கிறது, இனியும் வரும். மலையகத்தில் பிரதேச சபை உறுப்பினர்களும் தேயிலைத் தோட்ட இளைஞர் மன்றங்களும் கேட்பது ஒரே கேள்விதான்: முன்மொழிவு எழுதித் தரச் சொன்னால், நாங்கள் எதை எழுதுவது?

இந்தக் கேள்வியை நாம் கேட்கத் தொடங்கியதே அண்மையில்தான். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதி போவதைத் தடுத்து வைத்திருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களுக்குத் தனிப் பிரதேச சபைகளும் கிடைத்தன. இப்போது நம் கையில் ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் உரிமை. போடப்படும் பொருள் யாருடைய பெயரில் இருக்கும்? தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) நான்கு தலைமுறையாக வாழ்ந்தவருக்கும் அந்தக் கூரை சொந்தமில்லை. நாட்டின் வேறு எந்தப் பகுதியிலும் இந்தக் கேள்வி இவ்வளவு கனமாக எழுவதில்லை.

இரண்டாவது, மாதச் செலவு குறைவது யாருக்கு என்பது. குடும்பத்துக்கா, கம்பனிக்கா, மின்சார சபைக்கா? மூன்றாவது, எவ்வளவு டொலர் வெளியே போகும். 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. இறக்குமதியை நம்பி நிற்கும் எந்தத் திட்டமும் அடுத்த நெருக்கடியில் முதலில் நின்றுபோகும். நான்காவது, பத்தாம் ஆண்டில் பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள். ஐந்தாவது, மழைக்கும் மண்சரிவுக்கும் தாங்குமா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

காபன் அளவை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். மாதம் 40, 50 அலகு மின்சாரம் எரிக்கும் லயன் குடும்பம் இந்த நாட்டின் புகைக்குப் பொறுப்பான குடும்பம் அல்ல. அதன் புகையைக் குறைப்பதற்காக அதன் மீது செலவை ஏற்றும் திட்டத்தை நான் எந்தக் கணக்கிலும் ஏற்கமாட்டேன்.

## கூரையில் சோலார்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கண்ணுக்குத் தெரிகிறது, திறப்பு விழாவுக்கும் ஏற்றது. 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டம், வீட்டுக் கூரையில் எடுத்த மின்சாரத்தை மின்சார சபைக்கே விற்கும் வழியைத் திறந்தது. இந்தியாவின் நன்கொடையில் நாடெங்கும் 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளில், மொத்தம் 25 மெகாவொட் அளவுக்குத் தகடுகள் பொருத்தும் திட்டமும் நடந்தது.

நகரத்தில் மாதம் 300 அலகு எரிக்கும் வீட்டுக்கு இது நல்ல முதலீடு. லயன் குடும்பத்துக்கு அப்படியல்ல. 60 அலகுக்குள் எரிப்பவர்களுக்குக் கட்டண விகிதம் ஏற்கெனவே குறைவு. அவர்கள் கூரையில் இலட்சக்கணக்கில் செலவழித்துத் தகடு போட்டால் மின்பட்டியலில் குறையப்போவது சிறு தொகை. அதே பணத்தால் அந்த வீட்டுக்கு வேறு நன்மைகள் பல செய்யலாம்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பாருங்கள். லயன் கூரை பெரும்பாலும் பழைய தகரம். பாரம் தாங்காது, முதலில் கூரையை மாற்ற வேண்டும். மின்சாரத்தை விற்கும் ஒப்பந்தம் 20 ஆண்டுக்கானது. இன்று கையெழுத்திட்டால் அது கம்பனியின் குத்தகை முடியும் 2045 ஐத் தாண்டிப் போகிறது. கூரை சொந்தமில்லாதவர் அந்த ஒப்பந்தத்தில் எந்தத் தகுதியில் கையெழுத்திடுவார்? தோட்ட நிர்வாகம் கையெழுத்திட்டால் வருமானம் யாருக்கு? தகடு 25 ஆண்டு உழைக்கலாம், ஆனால் இன்வேர்ட்டரை அதற்கு முன் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும். இரண்டும் இறக்குமதி.

காலநிலையும் நமக்கு எதிராகவே இருக்கிறது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் தகட்டுக்கு வேலையில்லை. அதே தகட்டை உலர் வலயத்தில் வைத்தால் கூடுதலாக மின்சாரம் கிடைக்கும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது மட்டும் காரணமல்ல. மின்தேவை குறைந்த பகலில் சோலார் மின்சாரம் மிகுந்திருந்ததால், ஒரு அதிர்ச்சியைத் தாங்கும் பலம் அன்று வலையமைப்பில் இருக்கவில்லை. மலையகத்தின் நீர்த்தேக்கங்கள் இதற்கு மருந்து. கீழ்நாட்டில் வெயில் இருக்கும் பகலில் கொத்மலையிலும் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தண்ணீரைத் தேக்கி வைத்து, மாலை ஆறரைக்குப் பிறகு திறந்துவிட்டால், அவை நாட்டின் மாபெரும் பற்றரிகள். ஆகவே தகடு கீழே இருக்கட்டும், தண்ணீர் மேலே இருக்கட்டும் என்பதே பொதுப்பணத்துக்கு நியாயமான பிரிவினை.

சோலார் சிறந்த தெரிவாகும் இடங்கள் இங்கும் உண்டு: பாடசாலை, தோட்ட வைத்தியசாலை, பிள்ளை பராமரிப்பு நிலையம், கோயில் மண்டபம். இவற்றின் தேவை பகலில்தான். முக்கியமாக, பற்றரியுடன் சேர்த்துப் போட வேண்டும். வலையமைப்போடு மட்டும் இணைத்த சாதாரணத் தகடு, மின்சாரம் நின்ற அதே நொடியில் தானும் நின்றுவிடும். மண் சரிந்து பாதையும் கம்பியும் அறுந்த இரவில் நூறு பேர் தங்கும் மண்டபத்துக்கு வெளிச்சமும் கைபேசிக்கு மின்னேற்றமும் தர பற்றரி இருந்தால்தான் முடியும். முன்மொழிவில் பற்றரியைச் செலவு கூடும் என்று வெட்டினால் கையெழுத்திடாதீர்கள்.

## ஆற்றில் சிறு நீர்மின்

மலையகத்துக்கு மின்சாரம் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே பல தேயிலைத் தொழிற்சாலைகள் பக்கத்து ஓடையில் சிறு சுழலி வைத்து இயந்திரங்களை ஓட்டின. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர கண்ட கனவு 1950 இல் லக்ஷபானவில் நிறைவேறியது. தேசிய வலையமைப்பு வளர வளரத் தோட்டத்துச் சுழலிகள் துருப்பிடித்தன. லக்ஷபான மின்சாரம் கொழும்புக்குப் போனது. அணையருகே இருந்த லயன்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. மவுசாகலைக்குக் கீழே பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் அதன் கோயில் வெளியே தெரிகிறது. இந்த வரலாற்றை அறிந்தவர்கள் நீர்மின் என்றதும் "எங்களுக்கு என்ன பங்கு?" என்று கேட்பது முற்றிலும் நியாயம்.

10 மெகாவொட்டுக்குக் குறைந்த தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் நாட்டில் மொத்தம் 400 மெகாவொட்டைத் தாண்டிவிட்டன. காபன் கணக்கில் இவை மிக நல்லவை. நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து ஒரு அலகு எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஓடையிலிருந்து எடுக்கும் அலகு அதை மிச்சப்படுத்துகிறது. சிறு சுழலிகளை இங்குள்ள பட்டறைகளிலேயே செய்கிறார்கள் என்பதால் டொலர் செலவும் சோலாரைவிடக் குறைவு.

செலவு மறைந்திருப்பது தண்ணீரில். தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையில் ஓடை வறண்டுபோகும். அந்த இடைவெளியில்தான் பல தோட்டங்களின் பீலியும் (ஊற்றுநீர்க் குழாயும்) குளிக்கும் துறையும் மரக்கறித் தோட்டமும் இருக்கின்றன. வரைபடத்தில் அது ஒரு மெல்லிய கோடு. அங்கிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கும் பெண்ணுக்கு அது அன்றாட வாழ்க்கை. பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 120 மெகாவொட் உமாஓயா திட்டம் சாட்சி: சுரங்கம் தோண்டும்போது நீர்க்கசிவு ஏற்பட்டு பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன.

1990 களின் பிற்பகுதியிலிருந்து உலக வங்கிக் கடன் உதவியுடன் கிராமிய நீர்மின் திட்டங்கள் பல உருவாயின. மின் பாவனையாளர் சங்கங்கள் அவற்றை நடத்தின. மின்சார சபையின் கம்பி வந்ததும் பல கைவிடப்பட்டன. சங்கம் தன் மின்சாரத்தை வலையமைப்புக்கு விற்க வழி இருந்திருந்தால் அந்தச் சொத்து இன்று கிராமத்துக்கு வருமானம் தந்துகொண்டிருக்கும்.

அதனால் சிறு நீர்மின்னுக்கு என் ஆதரவு நிபந்தனையோடுதான். பழைய தொழிற்சாலைச் சுழலியின் வாய்க்காலும் குழாய்த் தடமும் இன்னும் இருக்கும் இடமா? புதிதாக ஓடையை வறட்டாத திட்டமா? தோட்ட மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுத்தில் பங்கு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் பொதுப்பணம் போகலாம். கம்பனி தனக்காகக் கட்டுவதென்றால் கம்பனி வங்கியில் கடன் எடுக்கட்டும்.

## அடுப்பும் வயரிங்கும்

மேடையில் யாரும் பேசாத தெரிவு இது. எனக்கு மிகவும் முக்கியமானதும் இதுவே.

லயன் குசினியில் இன்னும் விறகுதான் எரிகிறது. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலையிலிருந்து மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளைகள்) கட்டிச் சுமந்து வருவது கொழுந்து பறித்து முடித்த பெண்களின் இரண்டாவது வேலை. புகைபோக்கி இல்லாத, சன்னல் ஒன்று மட்டும் உள்ள அறையில் அந்தப் புகை தங்குகிறது. அதைச் சுவாசிப்பது சமைப்பவரும் அவர் பக்கத்தில் இருக்கும் குழந்தையும். 2022 இல் எரிவாயுக்குக் கிடந்த வரிசைகளைப் பார்த்தபின் காஸ் அடுப்பை முழுத் தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை. சிலிண்டர் முழுவதும் டொலர்.

இங்கே மூன்று படிகள் இருக்கின்றன. முதற்படி புகைபோக்கியும் மேம்படுத்திய அடுப்பும். அனகி என்ற இரட்டைக் களிமண் அடுப்பு இந்த நாட்டிலேயே உருவாகி, இங்குள்ள குயவர்களாலேயே செய்யப்படுகிறது. விறகு குறையும், புகை குறையும், டொலர் வேண்டியதில்லை. களிமண் அடுப்பு சில ஆண்டில் விரிசல் விடும் என்பதால் திரும்ப வாங்கப் பக்கத்தில் கடை இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் ஒரே நாளில் ஆயிரம் அடுப்பு கொடுப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி மின்சாரச் சமையல். இதில் ஒரு கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 700 வொட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் வேலை செய்தால் 0.35 அலகு. நாளுக்கு இரண்டு தடவை என்றால் மாதம் 21 அலகு. இப்போது 45 அலகு எரிக்கும் வீடு 66 க்குப் போய்விடும். 60 ஐத் தாண்டினால் கட்டண முறையே மாறுகிறது: மேலதிக ஆறு அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே உயர்ந்த விகிதம், நிலைக்கட்டணமும் கூடுதல். 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியதைப் பார்த்த குடும்பம், பின்னர் குறைக்கப்பட்டாலும், அந்த எல்லையைத் தாண்டத் துணியாது. குக்கரை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கட்டண எல்லையைத் தொடாமல் விட்டால், குக்கர் அலுமாரிக்கு மேலே போய்விடும். சமையலுக்கு மின்சாரம் பயன்படுத்தும் சிறு பாவனையாளருக்கு அந்த எல்லையை உயர்த்தக் கோருவதும் ஒரு பசுமைக் கோரிக்கைதான்.

மூன்றாம் படி, உண்மையில் எல்லாவற்றுக்கும் முந்தியது, வயரிங். ஒரு கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள்; ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு இழுத்த பழைய வயர்கள். லயன்கள் வரிசையாகத் தீப்பற்றி ஒரே இரவில் பல குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அந்த வயரில் மின்அடுப்பை ஏற்றுவது ஆபத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீற்றர், தனி ட்ரிப் சுவிட்ச், முறையான நிலத்தொடுப்பு (எர்த்): பொதுப்பணத்தை ஓரிடத்தில் மட்டும் போட முடியும் என்றால் நான் கைகாட்டுவது இதையே. உள்ளூர் மின்தொழிலாளர்களுக்கு வேலை கிடைக்கும், தோட்டத்து இளைஞர்களைப் பயிற்றலாம், பின்னால் எந்தப் புதிய கருவி வந்தாலும் அது தாங்கும்.

புதிய வீடுகளில் இது இன்னும் எளிது. 2017 இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும், புயலுக்குப் பின் கட்டவேண்டிய வீடுகளும் எழும்போதே, புகைபோக்கியும் சரியான வயரிங்கும் தகடு தாங்கும் கூரையும் திட்டப்படத்திலேயே இருந்தால் மேலதிகச் செலவு சொற்பம். கட்டி முடித்து உடைத்து மாற்றுவது பல மடங்கு.

## பஸ்ஸும் ரயிலும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு நம் கையில் இல்லை. மின்சார பஸ் மலைப்பாதைக்கு நன்றாகப் பொருந்தும். ஏறும்போது செலவழித்த சக்தியில் ஒரு பகுதியை இறங்கும்போது திரும்பப் பெறுகிறது, டீசல் பஸ்ஸோ அதை பிரேக் சூடாகவே இழக்கிறது. ஆனால் வாகனமும் பற்றரியும் முழுவதும் இறக்குமதி. பல தோட்டங்களுக்குள் இருக்கும் பாதையில் எந்த பஸ்ஸும் போக முடியாது என்பது இன்னொரு தடை. பாதையைச் செப்பனிட்டுக் காலையில் பாடசாலை நேரத்துக்கு ஒரு சாதாரண பஸ் விட்டாலே, முச்சக்கரவண்டிக்குப் போகும் பணமும் எண்ணெயும் மிச்சமாகும்.

ரயிலின் கதை வேறு. 1885 இல் நானுஓயாவையும் 1924 இல் பதுளையையும் எட்டிய பாதை, ஒரு காலத்தில் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கியது. இன்று நுவரெலியா மரக்கறி லொறியில் போகிறது. டித்வா அந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. திருத்தும்போது சரக்குப் பெட்டிக்கும் இடம் ஒதுக்கினால் அது நாட்டுக்கே இலாபம். அந்தக் கோரிக்கையைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். பிரதேச சபையின் ஒதுக்கீட்டில் அடங்காது.

## மலைச்சரிவு

இதைக் காபன் திட்டம் என்று பலர் எண்ணுவதில்லை. மரம் வளர்வதால் காபன் சேர்கிறது என்பது ஒரு பகுதிதான். சரிவு கரைந்து மண் நீர்த்தேக்கத்தில் விழுந்தால் தண்ணீர் தேங்கும் இடம் குறைகிறது. பொல்கொல்லையும் ரந்தம்பையும் ஏற்கெனவே வண்டலால் அவதிப்படுகின்றன. தேக்கம் குறைந்தால் அந்த மின்சாரத்தை எண்ணெயிலும் நிலக்கரியிலும் எடுக்க வேண்டிவரும்.

மானா புல்லும் வெட்டிவேரும் நட்ட வரம்புகள், சுத்தமான கான்கள் (வடிகால்கள்), மேலே இயற்கைக் காட்டு மரங்கள். இவற்றுக்கு டொலர் வேண்டாம். வேலை முழுவதும் உள்ளூர்க் கைகளுக்கு. நடுத்தர உயரங்களில் கிளிரிசீடியா நட்டால் தொழிற்சாலைக்கு விறகும் கிடைக்கும். ஒரு கிலோ தேயிலை உலர்த்த ஒன்று முதல் இரண்டு கிலோ விறகு வேண்டியிருக்கிறது. மறைந்த செலவு பராமரிப்பு: நட்ட முதல் மூன்று ஆண்டு களை பிடுங்காவிட்டால் நட்டது போய்விடும். யூக்கலிப்டஸை மட்டும் வரிசையாக நட்டுக் காடு என்று கணக்குக் காட்டுவதை ஏற்கக் கூடாது. ஊற்றுகளுக்குப் பக்கத்தில் அது தண்ணீரைக் குடிக்கும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு வலயம் என்று குறித்த இடத்தில் வயரிங்கும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், சோலாரும் வேண்டாம். அங்கே பணம் முதலில் இடமாற்றத்துக்குத்தான்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | உரிமை யாருக்கு | மிச்சம் யாருக்கு | டொலர் தேவை | பராமரிப்பு | காபன் பயன் |
|---|---|---|---|---|---|
| வீட்டுக் கூரைச் சோலார் | காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாத வரை சிக்கல் | குடும்பத்துக்குச் சிறிது | அதிகம் | இன்வேர்ட்டர், பற்றரி | நடுத்தரம் |
| பொதுக் கட்டடச் சோலார் | பாடசாலை, கோயில், வைத்தியசாலை | நிறுவனத்துக்கு | அதிகம் | பொறுப்பாளர் வேண்டும் | நடுத்தரம் |
| சிறு நீர்மின் | எழுதினால்தான் மக்களுக்கு | பெரும்பாலும் கம்பனிக்கு | நடுத்தரம் | உள்ளூரில் முடியும் | அதிகம் |
| வயரிங், அடுப்பு | குடும்பத்துக்கு | குடும்பத்துக்கு | குறைவு | உள்ளூரில் முடியும் | சிறிது, உடல்நலப் பயன் அதிகம் |
| மின்சார பஸ் | அரசுக்கு | பயணிகளுக்கு | மிக அதிகம் | கடினம் | நடுத்தரம் |
| மலைச்சரிவு | பொதுச் சொத்து | எல்லோருக்கும் | மிகக் குறைவு | மூன்று ஆண்டு கவனம் | மெதுவாக, நிலையாக |

## எந்தத் தோட்டத்துக்கு எது

பழைய லயனிலேயே இன்னும் பல ஆண்டு வாழ வேண்டிய தோட்டம் என்றால் வயரிங், தனி மீற்றர், புகைபோக்கி அடுப்பு. கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ பற்றரியுடன் ஒரு சோலார். இதற்கு மேல் எதையும் அங்கே இப்போது கேட்க வேண்டாம்.

தனிவீடும் காணி உறுதியும் கைக்கு வந்த இடத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே வீட்டுக் கூரைச் சோலாரைக் கூட்டாகக் கேட்கலாம். இருபது வீட்டுக்கு ஒரே கொள்வனவு, ஒரே பராமரிப்பு ஒப்பந்தம். உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் விற்ற பணம் உறுதியில் உள்ள பெயருக்கே வரும்.

கைவிடப்பட்ட சுழலி உள்ள தோட்டம், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) மூடிய தோட்டம் ஆகிய இடங்களில் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவுசெய்துவிட்டு நீர்மின்னைப் பேசுங்கள். சங்கம் இல்லாமல் பேச்சைத் தொடங்கினால் மேசையின் மறுபக்கம் கம்பனி மட்டுமே இருக்கும்.

காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, மேல் கொத்மலை நீரேந்து பகுதிகளில் உள்ள சபைகளுக்கு மலைச்சரிவு வேலையே பலமான முன்மொழிவு. இதற்கு மின்துறைப் பணத்தையே கேட்கும் நியாயம் அவர்களிடம் இருக்கிறது. காப்பாற்றப்படுவது மின்துறையின் நீர்த்தேக்கம். வேலைக்கு எடுக்கப்படும் தொழிலாளருக்குத் தோட்டத்தின் நாட்கூலிக்குக் குறையாத கூலி என்பதை முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும்.

பிரதேச சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். ஆகவே செப்டெம்பரிலேயே லயன் லயனாகப் போய் மூன்று விடயங்களைப் பதிந்து வையுங்கள்: மீற்றர் யாருடைய பெயரில், மாதம் எத்தனை அலகு, வயர் எந்த நிலையில். கடந்த மூன்று மாத மின்பட்டியல்களின் படத்தையும் அதனுடன் சேர்த்துவிட்டால், எந்த அதிகாரி கேட்டாலும் காட்டுவதற்கு அதுவே போதும்.